பருவம் மாறினால் பருவும் மாறுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக்கடை கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று எனக்கு இருபது வருடம் ஆகப்போகிறது. சித்திரையில் ஒரு கூட்டம், ஐப்பசியில் ஒரு கூட்டம், மார்கழியில் ஒரு கூட்டம் என்று முகத்தைக் காட்டி மருந்து கேட்பவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான், காலம்தான் வேறு. அடிக்கடி கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. டாக்டர் பார்க்க வேண்டிய இடம் எது என்பதையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

வெயில் காலம் வந்தாலே முகம் முழுக்கப் பரு. வெயில்தான் காரணமா?

வெயில் தனியாகப் பருவை உண்டாக்குவதில்லை. ஏற்கனவே இருக்கிற கோளாறுக்குத் துணைபோகிறது. பரு எப்படி உண்டாகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். மற்ற பதில்களுக்கும் அது தேவைப்படும். முகத்தில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. வயதுக்கு வரும் சமயத்தில் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் அந்தச் சுரப்பியை முடுக்கிவிடும். பெண்களுக்கும் இந்த ஹார்மோன் உண்டு. அதே நேரத்தில் மயிர்க்காலின் வாயில் உதிர வேண்டிய செத்த செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கின்றன. உள்ளே தேங்கிய எண்ணெயில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. அது எல்லாருடைய தோலிலும் குடியிருப்பதுதான், அழுக்கால் வந்ததில்லை. உடம்பு அதை எதிர்த்துப் போராடும்போது சிவந்து, வீங்கி, சீழ் வைக்கிறது.

இதில் வெயிலின் பங்கு இரண்டு. தோல் சூடேறினால் எண்ணெய் சுரப்பது கூடும், இளகிச் சீக்கிரம் பரவவும் செய்யும். 1970 வாக்கில் பிரிட்டனில் செய்த ஓர் ஆய்வில், தோலின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் சுரப்பு சுமார் 10 சதவீதம் ஏறுவதாகக் கண்டார்கள். இன்னொன்று வியர்வை. வியர்வையில் ஊறிய தோல் உப்பிப்போய், ஏற்கனவே குறுகலான மயிர்க்கால் வாய் இன்னும் குறுகிவிடும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் வியர்வை காயவே காயாது. வேலூரில் வெயில் கொளுத்தும், ஆனால் வியர்வை சீக்கிரம் காய்ந்துவிடும். அங்கிருந்து கடலோரத்துக்கு வேலைக்கு வந்த பையன்கள், "எங்க ஊர்ல இதைவிட வெயில் அண்ணா, ஆனா இப்படிப் பரு வரலையே" என்று கேட்பது இதனால்தான். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்கு ஆசியாவுக்கு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு முதுகிலும் மார்பிலும் கட்டி கட்டியாகப் பரு வந்தது. மருத்துவர்கள் அதற்கு வெப்பமண்டலப் பரு என்றே பெயர் வைத்தார்கள். வெயிலைவிடப் புழுக்கம்தான் பெரிய வில்லன் என்பது என் கட்சி.

போன வாரம் ஊருக்குப் போய்வந்தேன். வந்ததும் பரு. தண்ணீர் மாறியதாலா?

அநேகமாக இல்லை. கண்ணுக்குத் தெரியாத சின்ன அடைப்பு, வெளியே தெரிகிற பருவாக வளர சுமார் எட்டு வாரம்கூட ஆகலாம். இன்று கன்னத்தில் முளைத்திருக்கும் பருவின் கதை இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம். போன வாரத்து வெயிலோ, ஊர்த் தண்ணீரோ, பயணத்தில் தூக்கம் கெட்டதோ அதைக் கொஞ்சம் சீக்கிரம் சிவக்க வைத்திருக்கும், அவ்வளவுதான்.

இந்த எட்டு வாரக் கணக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பருவுக்கு மருந்து போட்டால் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆவதும் இதே காரணத்தால்தான். நம் ஊரில் அதற்குள் பருவகாலமே மாறிவிடும். சித்திரையில் தொடங்கியவர், "ஆடி வந்துடுச்சு, முகம் காயுது, இந்த மருந்து ஒத்துக்கல" என்று நிறுத்துவார். ஐப்பசியில் வேறொன்று தொடங்குவார். மார்கழியில் அதுவும் நிற்கும். வருடம் முழுக்க மருந்து வாங்கியிருப்பார், ஒன்றைக்கூட முழுதாகப் போட்டிருக்க மாட்டார். கடைக்காரனாக எனக்கு லாபம்தான். ஆனாலும் சொல்கிறேன்: காலத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியது முகம் கழுவும் பொருளையும் மாய்ஸ்சரைசரையும் சன்ஸ்கிரீனையும். மருந்தை அல்ல.

நெற்றி முழுக்கப் பொடிப்பொடியாக வந்திருக்கிறது, அரிக்கிறது. பருவா, வேர்க்குருவா?

அரிக்கிறது என்றாலே கொஞ்சம் யோசிக்க வேண்டும். சாதாரணப் பரு வலிக்கும், அவ்வளவாக அரிக்காது.

வேர்க்குரு என்பது வியர்வைக் குழாய் அடைபடுவது, மயிர்க்கால் அடைபடுவது அல்ல. கழுத்து, முதுகு, அக்குள் ஓரம், துணி உரசுகிற இடங்களில் குத்துகிற மாதிரி அரிக்கும். காற்றோட்டமான இடத்தில் இருந்து, பருத்தித் துணி உடுத்தினால் சில நாட்களில் அடங்கும். பரு மருந்து அதற்கு வேண்டாம்.

இன்னொன்று, பலர் பரு என்றே நினைத்து மாதக்கணக்கில் அல்லாடுவது: பூஞ்சையால் வரும் பொரி. தேமல் தெரியும் அல்லவா? அந்தத் தேமலை உண்டாக்கும் மலசீசியா என்ற பூஞ்சைதான் இதற்கும் காரணம். நெற்றி, மார்பு, முதுகு, தோள் ஆகிய இடங்களில் எல்லாம் ஒரே அளவில், ரவை தூவிய மாதிரி வரும். கரும்புள்ளியோ வெண்புள்ளியோ இருக்காது. புழுக்கத்தில் கூடும், அரிக்கும், பெரும்பாலும் தலையில் பொடுகும் கூடவே இருக்கும். இதற்குப் பருவுக்கான ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தால் மோசமாகும், ஏனென்றால் பாக்டீரியா ஒதுங்கிய இடத்தில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கீட்டோகோனசால் வகைப் பூஞ்சை மருந்தில் அடங்கக்கூடியது இது. ஆனால் பார்த்து உறுதிசெய்வது டாக்டரின் வேலை. ஆன்டிபயாட்டிக் சாப்பிடச் சாப்பிடப் பொரி கூடிக்கொண்டே போனால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒரே ஒரு கட்டி, பெரிதாக, தொட்டால் உயிர் போகிற வலி, நடுவில் சீழ் என்றால் அது வேனல்கட்டியாக இருக்கலாம். காய்ச்சல் வந்தாலோ, மூக்கு, மேலுதடு பக்கம் வந்தாலோ பிதுக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கத்திரி வெயிலில் முகத்தை எத்தனை தடவை கழுவலாம்?

பேஸ்வாஷ் போட்டு இரண்டு தடவை. வியர்த்துக் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் இன்னொரு தடவை. மற்ற நேரத்தில் வெறும் தண்ணீரை அடித்துத் துண்டால் ஒற்றிக்கொண்டால் போதும். "எண்ணெய் வழியுது" என்று ஐந்தாறு தடவை சோப்பு போட்டுத் தேய்ப்பவர்களுக்குத் தோல் எரிச்சலெடுத்து, அதனாலேயே பரு கூடுவதைப் பார்க்கிறேன்.

சோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தோலின் இயல்பு லேசான அமிலம், பி.எச். சுமார் 5. குளியல் சோப்பு பெரும்பாலும் 9 அல்லது 10, அதாவது காரம். கோடையில் குழாய்த் தண்ணீர் குறைந்து, உப்பு கரிக்கும் போர் தண்ணீர் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நுரையே வராது, சோப்பு முகத்தில் பிசுக்காகப் படிந்துவிடும். அந்த இரண்டு மாதத்துக்காவது முகத்துக்குச் சோப்பை நிறுத்தி, சோப்பில்லாத மென்மையான கிளென்சர் வாங்குங்கள். எண்ணெய் வழிகிற முகமாக இருந்தால் 2 சதவீதம் சாலிசிலிக் அமிலம் கலந்த பேஸ்வாஷ் ஒரு வேளைக்குப் பொருந்தும். குடிக்கிற கேன் தண்ணீரில் முகம் கழுவும் ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை.

சன்ஸ்கிரீன் போட்டால்தான் பரு வருகிறது. விட்டுவிடலாமா?

வகையை மாற்றுங்கள், விடாதீர்கள். கெட்டியான, எண்ணெய்ப் பசை உள்ள சன்ஸ்கிரீன் நம் புழுக்கத்துக்கு ஒத்துவராது. ஜெல் வகை, உறையில் நான்-கொமடோஜெனிக் (மயிர்க்காலை அடைக்காதது) என்று போட்டது, எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாதது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் எடுக்க வேண்டும் என்பது கணக்கு. பொட்டு வைக்கிற அளவு போட்டுவிட்டு "வேலை செய்யலை" என்றால் அது சன்ஸ்கிரீனின் குற்றமில்லை.

ஏன் விடக்கூடாது என்றால், மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் இருக்கிற நமக்குப் பரு போன பிறகு நிற்கும் கறுப்புத் தடம்தான் பெரிய தலைவலி. வெயில் பட்டால் அந்தத் தடம் இன்னும் கறுக்கும், மறைய இன்னும் மாதங்கள் ஆகும். பரு மருந்துகள் சிலவும் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். இரவு முகத்தைச் சுத்தமாகக் கழுவி சன்ஸ்கிரீனை எடுத்துவிட்டால் பாதிப் புகார் குறையும்.

மாம்பழம் சாப்பிட்டால் பரு வருமா? உடம்புச் சூடுதானே?

மாம்பழத்தைப் பருவோடு முடிச்சுப்போட நல்ல ஆதாரம் கிடையாது. காம்பு ஓரத்தில் வடியும் பால் உதட்டோரம் பட்டுப் பொரியும், அதைப் பலர் பரு என்கிறார்கள். நன்றாகக் கழுவி, தோல் சீவிச் சாப்பிடுங்கள். ஆதாரம் உள்ளது வேறு இடத்தில்: சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவுகள், சிலருக்குப் பால், அப்புறம் ஜிம் பையன்கள் குடிக்கும் வே புரோட்டீன். கோடையில் நாளைக்கு மூன்று தடவை குளிர்பானமும் ரோஸ்மில்க்கும் குடித்துவிட்டு இரண்டு துண்டு மாம்பழத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை. இளநீர், மோர், நுங்கு எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம், தாகம் தீரும். பரு அதனால் போகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

ஆடிக் காற்றில் முகம் எரிகிறது. பருவும் இருக்கிறது. என்ன செய்ய?

கோயம்புத்தூர், பொள்ளாச்சி, தென்காசிப் பக்கம் இருப்பவர்கள் கேட்பது. கணவாய் வழியாக வருகிற காற்று, ஈரத்தை மலைக்கு அந்தப்பக்கமே கொட்டிவிட்டு வருவதால் சமவெளியில் தோலைக் காய்ச்சிவிடும், கூடவே மண்ணும் புழுதியும். எண்ணெய் வழிகிற முகமும் இந்தச் சமயத்தில் காயும், அதனால் லேசான மாய்ஸ்சரைசரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியில் போகிறவர்கள் கண்ணாடி இறக்கிய ஹெல்மெட்டோடு போனாலே புழுதி பாதி குறைந்துவிடும். துப்பட்டாவை முகத்தில் கட்டுகிறவர்கள் அதைத் தினமும் துவைக்க வேண்டும். நேற்றைய வியர்வை காய்ந்த துணியை இன்று மறுபடி கன்னத்தில் உரசவிட்டால் அதுவே பருவுக்குக் காரணமாகும்.

மழைக்காலம் குளிர்ச்சிதானே, அப்போது ஏன் வருகிறது?

தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. அந்த மூன்று மாதமும் காற்றில் ஈரம், துணி காயாது, தலையணை உறையில் ஒரு நமுத்த வாடை, நனைந்த ஹெல்மெட். நான் பார்த்தவரை இந்தக் காலத்தில் தாடையோரத்திலும் நெற்றியிலும் பரு வருகிறவர்கள் பெரும்பாலும் டூவீலர்காரர்கள். உரசலும் அழுத்தமும் ஈரமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அங்கே பரு வரும். அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கு ஹெல்மெட் வார் படும் இடத்தில் இப்படி வருவதை 1970-களிலேயே மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள்.

அதற்காக வாரைத் தளர்த்திக் கட்டாதீர்கள். பரு ஆறிவிடும், மண்டை ஆறாது. உள்பஞ்சைக் கழற்ற முடிந்தால் வாரம் ஒருமுறை துவையுங்கள். தலைக்கு ஒரு மெல்லிய பருத்தித் துணி கட்டி அதன்மேல் போடுங்கள், துணியைத் தினம் மாற்றுங்கள். நனைந்த ஹெல்மெட்டை பெட்டிக்குள் பூட்டாமல் ஃபேன் அடியில் கவிழ்த்து வையுங்கள். தலையணை உறை வாரம் இரண்டு. மழையென்று சன்ஸ்கிரீனை விட்டுவிடவும் வேண்டாம், மேகத்தைத் தாண்டியும் புற ஊதாக் கதிர் வரும்.

தலைக்கு எண்ணெய் வைத்தால் பரு வருமா? தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்காமல் எப்படி?

தீபாவளி அன்று ஒருநாள் நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு அலசுவதால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. தாராளமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள், பாட்டி மனத்தை நோகடிக்க வேண்டாம். பிரச்சினை தினமும் தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தலைவாரிக்கொண்டு போவதில் இருக்கிறது. வியர்வையோடு எண்ணெய் இறங்கி நெற்றியில், முடி தொடங்கும் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன அடைப்புகள் வரும். முடிக்குப் பூசும் எண்ணெயாலும் களிம்பாலும் வருகிற இந்தப் பருவை மருத்துவப் புத்தகங்களே தனி வகையாகச் சொல்கின்றன. மேலே சொன்ன பூஞ்சைக்கும் கொழுப்புதான் தீனி.

எண்ணெய் வேண்டுமென்றால் தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்து அலசிவிடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இரவு எண்ணெய் வைத்து அப்படியே தூங்கவைப்பதைத்தான் நிறுத்த வேண்டும். எண்ணெய் முழுக்கத் தலையணைக்குப் போய் அங்கிருந்து கன்னத்துக்கு வரும்.

மார்கழியில் முகம் வறண்டு தோல் உரிகிறது, ஆனாலும் பரு வருகிறது. மருந்தை நிறுத்தவா?

எங்கள் கடையில் மருந்து பாதியில் நிற்கிற மாதம் இதுதான். நிறுத்த வேண்டாம், இடைவெளி விடுங்கள். அடைப்பைத் திறக்கும் அடாபலீன் ஜெல் போடுகிறவர் என்றால் தினமும் என்பதை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கலாம். முதலில் மாய்ஸ்சரைசர், அது காய்ந்ததும் முகம் முழுமைக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு ஜெல், அதன்மேல் தேவைப்பட்டால் மறுபடி மாய்ஸ்சரைசர். மூக்கோரம், வாயோரம், கண்ணைச் சுற்றி ஜெல் படக்கூடாது, எரிச்சல் தொடங்குவதே அங்கேதான். அந்த இடங்களில் முன்கூட்டியே கொஞ்சம் வாஸ்லைன் தடவிக்கொள்ளலாம்.

காலையில் தோலை உரிக்கிற பேஸ்வாஷுக்குப் பதில் வெறும் தண்ணீரோ மென்மையான கிளென்சரோ போதும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் முகம் கழுவாதீர்கள். வறட்சிக்கு முகத்தில் தேங்காய் எண்ணெய் பூசுவது பரு இல்லாதவர்களுக்குச் சரி. பரு உள்ளவர்கள் கிளிசரின், செராமைடு உள்ள லேசான லோஷனுக்குப் போகலாம். ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரு என்று படிக்கப் போகிற பிள்ளைகளுக்கும், நாள் முழுக்க ஏசியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் எந்த மாதமானாலும் இதே பதில்தான்.

சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேன். தாடி, சந்தனம், பரு மூன்றும் சேர்ந்துவிட்டன.

சாமி, தாடியால் பரு வராது. தாடிக்குள் வியர்வையும் சோப்புப் பிசுக்கும் தங்கினால் வரும். விரதக் குளியலின்போது இரண்டு வேளையும் தாடிக்குள் விரல்விட்டு நன்றாக அலசுங்கள். சந்தனமும் விபூதியும் வைத்துக்கொள்ளலாம், அதன் மேலேயே மறுநாள் பூசாமல் இரவில் கழுவிவிட வேண்டும். உண்மையான ஆபத்து மலையிறங்கிய பிறகு வருகிறது. 41 நாள் தாடியை ஒரே நாளில், தோலோடு ஒட்ட, எதிர்ப்பக்கமாக மழிக்கிறோம். சுருள்முடிக்காரர்களுக்கு முடி உள்ளேயே திரும்பி வளர்ந்து கொப்புளமாக வரும். முதலில் டிரிம்மரால் குறைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து முடி வளரும் போக்கிலேயே மழியுங்கள். சலூனில் புது பிளேடு கேளுங்கள்.

கடையில் கிடைக்கிற மருந்துகளில் எது எதற்கு?

சுருக்கமாகச் சொல்கிறேன். பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் கொல்லும். பாக்டீரியா அதற்குப் பழகிக்கொள்வதில்லை. 2.5 சதவீதமே போதும். 5, 10 என்று ஏற்றினால் எரிச்சல்தான் அதிகம். துண்டு, தலையணை உறை, சட்டைக் காலர் பட்ட இடமெல்லாம் சாயம் போய்விடும், அதனால் வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். அடாபலீன், டிரெட்டினாயின் வகை அடைப்பைத் திறப்பவை, இரவில் போடுவது. தொடங்கிய முதல் சில வாரம் பரு கூடினமாதிரி தெரியும். அதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். கிளிண்டமைசின் ஜெல் ஆன்டிபயாட்டிக். அதை மட்டும் தனியாக மாதக்கணக்கில் போட்டால் பாக்டீரியா பழகிவிடும், பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத்தான் போட வேண்டும். அசெலாயிக் அமிலம் மெதுவான ஆள், ஆனால் பருவோடு கறுப்புத் தடத்தையும் குறைப்பதால் நம் நிறத்துக்கு எனக்குப் பிடித்தது. இவற்றில் பலவும் டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டியவை.

பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வெயிலில் கவனிக்க ஏதாவது உண்டா?

டாக்சிசைக்ளின் என்றால் உண்டு. வெயில் பட்டால் தோல் சட்டென்று கருகிச் சிவக்கும். கத்திரி வெயிலில் கிரிக்கெட் ஆடப்போகும் பையன் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். பால், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை கூடவே சேர்ந்தால் மருந்து சரியாக ஏறாது.

ஐசோடிரெட்டினாயின் என்றால் உதடு வெடிக்கும், மார்கழியில் மூக்கிலும் லேசாக ரத்தம் வரலாம். வாஸ்லைன் கையிலேயே இருக்கட்டும். பார்லரில் வேக்சிங் வேண்டாம், தோல் பெயர்ந்துவிடும். கர்ப்பத்தில் இந்த மாத்திரை குழந்தைக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கும். சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பெண் சாப்பிட்டு நன்றாகிவிட்டாள் என்று அட்டையைக் காட்டிக் கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை.

முன்பு ஒரு கிரீம் போட்டேன், இரண்டே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. அதே கொடுங்கள்.

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வரும், கேட்கிறவர் மேல் அல்ல. பருவுக்கு இரண்டு நாளில் வேலை செய்கிற கிரீம் என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். டியூபைத் திருப்பிப் பாருங்கள்: பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், புளுவோசினோலோன். சிவப்பை அடக்கி, நிறத்தை வெளுப்பாக்கிக் காட்டும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்த நாளங்கள் சிவப்பு நூலாகத் தெரியும், பெண்களுக்கு முகத்தில் முடி வளரும், வெயிலில் நின்றால் மிளகாய் பூசியதுபோல் எரியும், முன்பு இருந்ததைவிட மோசமாகப் பரு வரும். நிறுத்தினால் முகம் பொங்கும். பொங்குகிறது என்று மறுபடி போடுவார்கள். இப்படி மாட்டிக்கொண்டவர்களைக் கோடையில் பார்க்கவே பாவமாக இருக்கும், குடை இல்லாமல் தெருவில் இறங்க முடியாது.

2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் பதினான்கை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் சீட்டில்லாமல் விற்பனை நடந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் கையில் அப்படி ஒரு டியூப் இருந்தால், நீங்களாகத் திடீரென்று நிறுத்துவதற்கு முன் தோல் டாக்டரைப் பாருங்கள். எப்படிப் படிப்படியாக வெளியே வருவது என்பதை அவர் சொல்வார்.

மஞ்சள், எலுமிச்சை, பற்பசை?

மஞ்சள் பூசிப் பழகிய முகமென்றால் பூசிக்கொள்ளுங்கள், மருந்துக்குப் பதில் என்று நினைக்காமல். முல்தானி மெட்டி கோடையில் எண்ணெயை உறிஞ்சும், மார்கழியில் போட்டால் முகம் வெடிக்கும். எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போகவே கூடாது. சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து கருந்திட்டாகிவிடும். பற்பசை பல்லுக்கு.

பரு போய்விட்டது, கறுப்புத் தடம் போகவில்லை. மங்கா இது?

மங்கு என்பது வேறு. கன்னத்தில் இரண்டு பக்கமும் பட்டையாகப் படர்வது. பரு இருந்த இடத்தில் மட்டும் புள்ளியாக நிற்பது பருத்தடம். கிள்ளாமல், வெயிலிலிருந்து காத்தால் சில மாதங்களில் தானாக மங்கும். ஆழமானது வருடம்கூட எடுக்கும். குழி விழுந்தது மட்டும் தானாக நிரம்பாது. அதற்கு டாக்டர்கள் செய்கிற சிகிச்சைகள் உண்டு, ஆனால் பரு முழுக்க அடங்கிய பிறகுதான்.

தை பிறந்தால் கல்யாணம். ஒரு மாதத்தில் முகம் தெளிவாகுமா?

எட்டு வாரக் கணக்கு முகூர்த்தத்துக்காகச் சுருங்காது. மூன்று நான்கு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் புதிதாக எதையும் முகத்தில் சோதித்துப் பார்க்காதீர்கள். முக்கியமாக பிளீச்சும், ஆவி பிடித்துப் பிதுக்கி எடுக்கிற ஃபேஷியலும் வேண்டாம். கடைசி வாரத்தில் பெரிதாக ஒரு கட்டி கிளம்பினால் அதற்குள் மட்டும் ஊசி போட்டு ஓரிரு நாளில் அடக்க டாக்டரால் முடியும்.

காலம்தான் காரணமா, வேறு ஏதாவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நாட்காட்டியில் குறியுங்கள். பரு கிளம்பும் நாளைத் தினசரித் தாளில் ஒரு புள்ளியாக வைத்து மூன்று மாதம் பாருங்கள். மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்னால் கிளம்பினால் ஹார்மோன். மாதவிடாய் ஒழுங்கில்லாமல், தாடையில் பருவும் முகத்தில் முடியும் சேர்ந்து இருந்தால் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்கிற ஹார்மோன் கோளாறு) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பி12 ஊசி, காசநோய் மருந்து, வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கிய சில வாரத்தில் திடீரென்று வந்தால் அதுவும் காரணமாகலாம். நிறுத்தாமல் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் மேலே சொன்ன எந்த மருந்தையும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்? செலவு ஆகுமே?

கட்டி கட்டியாக வந்தால், குழி விழத் தொடங்கினால், மூன்று மாதம் ஒழுங்காக மருந்து போட்டும் குறையாவிட்டால், பருவால் வெளியே போகவே கூச்சப்படுகிற நிலை வந்தால் போய்விடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு, வெளிநோயாளியாகக் காலையில் போய்ச் சீட்டு வாங்கிப் பார்க்கலாம், காசு கிடையாது. வரிசை நீளமாக இருக்கும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முகத்தில் எதுவும் பூசாமல், இதுவரை போட்ட டியூப், மாத்திரை அட்டை எல்லாவற்றையும், தீர்ந்துபோனவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் சொல்லத் தெரியாமல் "வெள்ளையா, பச்சை மூடி போட்டிருக்கும்" என்றால் டாக்டருக்கும் புரியாது, எனக்கும் புரியாது.